பாவம், பின்சக்கரம்!

மழை பெய்ய ஆரம்பித்தால் போதும், ஊரில் இருக்கிற அத்தனை பேரும் ஆட்டோமொபைல் இன்ஜினியர் ஆகிவிடுகிறார்கள். செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய இன்னோவாவோ பொலேரோவோ பார்த்து வைத்திருக்கும் பையனிடம் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சார், டீக்கடை மாஸ்டர் என்று வரிசையாக வந்து ஒரே டயலாக்கைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"தம்பி, அது ரியர் வீல் டிரைவ்பா. மழைல வால் ஆட்டும். சுத்திடும். வேண்டாம், சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு மாமா டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஏறிப் போவார். அதுவும் பின்சக்கரத்தில்தான் ஓடுகிறது. சித்தப்பா ஷேர் ஆட்டோ பிடிப்பார். அதுவும் பின்சக்கரம்தான். ரிட்டயர்டு சார் ஊருக்குப் போகும் அரசுப் பேருந்து, அவர் தெருவுக்கு வரும் தண்ணி லாரி, பால் வண்டி எல்லாம் அப்படியே. இத்தனை வருஷமாக இந்த நாட்டை மழையில் சுமந்துகொண்டிருப்பது பின்சக்கரம். ஆனால் விபத்து என்று வந்தால் முதலில் மாட்டுவதும் அதுதான்.

பின்சக்கர ஓட்டம் என்றால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இன்ஜினின் சக்தி முன் டயருக்குப் போகாமல் ஒரு நீளமான ஷாஃப்ட் வழியாகப் பின் அச்சுக்குப் போகிறது. முன் டயர் வண்டியைத் திருப்பும், பின் டயர் தள்ளும். 1983 கடைசியில் மாருதி 800 வரும்வரை இந்தியாவில் கார் என்றாலே இதுதான். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் பின்சக்கர வண்டிகள். அதற்குப் பிறகும் ஆம்னி, சுமோ, குவாலிஸ், டவேரா, ஸ்கார்பியோ, ஈக்கோ என்று பட்டியல் நீள்கிறது. 2005-ல் வந்த இன்னோவாவும் 2016-ல் வந்த கிரிஸ்டாவும் பின்சக்கரம்தான். 2022 கடைசியில் அறிமுகமான ஹைகிராஸில்தான் அந்தக் குடும்பம் முன்சக்கரத்துக்கு மாறியது. "இன்னோவா மாதிரி சேஃப் வண்டி உண்டா" என்றும், "ரியர் வீல் டிரைவ் ஆபத்து" என்றும் ஒரே வாயால் சொல்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம். ரெண்டும் ஒரே வண்டி என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சரி, மாமா சொல்வதில் கொஞ்சம்கூட உண்மை இல்லையா? இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதம் செய்தால் நேர்மையாக இருக்காது.

ஒரு டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. ஒரு அளவுக்குத்தான் இருக்கும். திரும்புவதற்கு ஒரு பகுதி, பிரேக்குக்கு ஒரு பகுதி, இழுப்பதற்கு ஒரு பகுதி என்று அதிலிருந்துதான் பிரித்துச் செலவு செய்ய வேண்டும். ஈரமான வளைவில் பின்சக்கர வண்டிக்காரர் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால், பின் டயர் தன் சம்பளம் முழுவதையும் இழுப்பதற்கே செலவழித்துவிடுகிறது. பக்கவாட்டில் நிற்கக் கையில் காசு இல்லை. பின்பக்கம் வெளியே ஒதுங்குகிறது. அதைத்தான் வால் ஆட்டுவது என்கிறார்கள். முன்சக்கர வண்டியில் இதே தப்பைச் செய்தால் முன்பக்கம் பிடி விடும். ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பயந்தவன் இயல்பாகச் செய்வதே சரியான வைத்தியமாக இருப்பதால் புதிதாக ஓட்டுபவருக்கு முன்சக்கரம் கொஞ்சம் இரக்கம் காட்டும் என்பது உண்மை. வழுக்கும் மேட்டில் நின்று கிளம்புவதற்கும் முன்சக்கரம் நல்லது, இன்ஜின் எடை இழுக்கும் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதால்.

மாமாவுக்குக் கொடுக்க வேண்டிய மார்க் இவ்வளவுதான். இனிமேல் நெகடிவ் மார்க்.

முதல் விஷயம், பிரேக். முன்சக்கரமோ, பின்சக்கரமோ, போர் வீல் டிரைவோ, எந்தக் காரிலும் பிரேக் நாலு சக்கரத்திலும் இருக்கிறது. நிறுத்தும்போது இன்ஜின் எந்த அச்சை ஓட்டுகிறது என்பது கிட்டத்தட்ட கணக்கிலேயே வராது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் காய்ந்த தார் ரோட்டில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 35 மீட்டரில் நிற்கும். அதே ரோடு நனைந்து, டயரும் சுமாராக இருந்தால் 60 மீட்டரைத் தாண்டும். இறுகிய பனியில் 120 மீட்டருக்கு மேல். பளபளவென்று ஐஸ் படிந்த ரோட்டில் கால் கிலோமீட்டர்! பிளஸ் டூ பிசிக்ஸ் பார்முலாவும் உராய்வு எண்ணும் இருந்தால் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். அந்தப் பார்முலாவில் "எந்தச் சக்கர ஓட்டம்" என்று ஒரு எழுத்துகூடக் கிடையாது. இதில் மூளை யோசித்துக் கால் பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியைச் சேர்க்கவில்லை. 80-ல் அந்த ஒரு நொடிக்கே 22 மீட்டர் போய்விடும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். முன்சக்கரமும் போர் வீலும் வழுக்கும் ரோட்டில் சுலபமாகக் கிளம்பிவிடும். கிளம்பிவிடுவதால் ரோடு எவ்வளவு வழுக்குகிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாமலே போகிறது. முதல் தடவை பிரேக் மிதிக்கும்போதுதான் தெரியும். பின்சக்கர வண்டி கிளம்பும்போதே லேசாக ஆடிக் காட்டி "அண்ணே, இன்னைக்கு ரோடு சரியில்லை" என்று சொல்லிவிடுகிறது. அதைக் கேட்காமல் வண்டியைத் திட்டுவது யார் தப்பு?

இதெல்லாம் வெறும் பேப்பர் வாதம் என்று தோன்றினால், ஸ்வீடன் பக்கம் போய்வரலாம். வருஷத்தில் பல மாதம் பனி கொட்டும் நாடு. அந்த நாட்டின் சொந்தக் கார் வால்வோ. 1974 முதல் 1993 வரை தயாரான வால்வோ 240 பின்சக்கர வண்டி. அதன் 200 வரிசையில் மட்டும் 28 லட்சம் கார்களுக்கு மேல் செய்தார்கள். அடுத்து வந்த 740, 940 எல்லாமும் பின்சக்கரம்தான். 1991-ல் வந்த 850-தான் பெரிய வால்வோக்களில் முன்சக்கரத்தைக் கொண்டுவந்தது. பழைய பின்சக்கர வரிசை 1998 வரை தொடர்ந்தது. பாதுகாப்புக்கே மறுபெயர் என்று உலகம் நினைக்கும் கம்பெனி, பனிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, பல பத்தாண்டுகள் பின்சக்கரத்தைத்தான் நம்பியது. ஸ்வீடன்காரர்கள் என்ன மாயமந்திரம் செய்தார்கள்? டயர் மாற்றினார்கள். டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை ரோட்டில் பனிக்கால நிலை இருந்தால் பனிக்கால டயர் போட்டே ஆக வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. அந்த டயரில் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சாதாரண டயரின் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழே போனால் விறைக்க ஆரம்பிக்கும். பனிக்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மெத்தென்று இருந்து ரோட்டைப் பிடிக்கும். இழுக்கும் அச்சு எது என்று சட்டம் கேட்கவில்லை. ரோட்டைத் தொடும் ரப்பர் எது என்றுதான் கேட்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே பனி இல்லை, மழை இருக்கிறது. டயர்...?

புது டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். காருக்கு நம் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு வந்ததும் கண்டுபிடிக்க, பள்ளத்துக்குள்ளேயே குட்டிக் குட்டி மேடுகளை டயர் கம்பெனிக்காரன் வைத்தே கொடுக்கிறான். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் செத்துவிட்டது என்று அர்த்தம். இந்த மேடு ஒன்று இருப்பதே தெரியாமல் பத்து வருஷம் கார் ஓட்டியவர்கள் உண்டு. "இன்னும் ஒரு அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓடும் சார்" என்று மொட்டை டயரைத் தட்டிக் காட்டுகிறவர்களும் உண்டு. காய்ந்த ரோட்டில் மொட்டை டயர் ஓடத்தான் ஓடும், சில சமயம் நன்றாகவே பிடிக்கும். ஏமாற்றுவதே அதுதான். அந்தப் பள்ளம் இருப்பதே தண்ணீரை வெளியேற்றத்தான். ஐப்பசி வந்து முதல் நாள் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போதுதான் டயரின் உண்மை முகம் தெரியும்.

தண்ணீர் வெளியேற வழி இல்லையென்றால் டயர் அதன் மேல் ஏறி மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று வெண்ணெய் மாதிரி லேசாகும். திருப்பினாலும் திரும்பாது, பிரேக் பிடித்தாலும் பிடிக்காது. 1963-ல் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து இதற்கு ஒரு எளிய கணக்கு கண்டுபிடித்தார்கள். டயர் மிதக்க ஆரம்பிக்கும் வேகம் அதன் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கார் டயருக்கு அதைத் தோராயமாகப் பொருத்தினால், 32 பிஎஸ்ஐ காற்று இருக்கும் மொட்டை டயர் மணிக்கு 94 கிலோமீட்டர் வாக்கில் மிதக்கும். 24 பிஎஸ்ஐ ஆக இறக்கினால் 82-லேயே மிதந்துவிடும்.

இதை எதற்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், "மழைக்காலத்துல காத்தைக் கொஞ்சம் இறக்கி விடு, கிரிப்பு கிடைக்கும்" என்பது பெட்ரோல் பங்க் ஓரமாக இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு ஞானம். மணலில் சிக்கிய ஜீப்புக்குச் சொன்ன வைத்தியத்தைத் தண்ணீரில் ஓடும் காருக்குக் கொடுக்கிறார்கள். கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கம்பெனி என்ன அழுத்தம் போட்டிருக்கிறதோ அதுதான் மழைக்கும். ஏழு பேர் ஏறினால் அதே ஸ்டிக்கரில் ஃபுல் லோடுக்கென்று தனியாக ஒரு அளவு இருக்கும். அதைப் பார்ப்பவர் யார்!

அடுத்த கூத்து, ரெண்டே ரெண்டு டயர் வாங்குவது. பணம் இல்லை, ரெண்டுதான் மாற்ற முடியும், சரி. எங்கே மாட்டுவது? பாதிக் கடைகளில் கேட்காமலே முன்னாடி மாட்டிவிடுவார்கள். "ஸ்டியரிங் முன்னாடிதானே சார்." மழைக்கு இது அப்படியே தலைகீழ். தேய்ந்த டயர் பின்னால் இருந்தால் முதலில் பிடி விடுவது பின்பக்கம். வண்டி சுற்றும். முன்பக்கம் பிடி விட்டால் அகலமாகப் போகும், காலை எடுத்தால் மீட்டுக்கொள்ளச் சின்ன வாய்ப்பாவது இருக்கும். பின்பக்கம் விட்டால் சாதாரண ஓட்டுநரால் பெரும்பாலும் மீட்க முடியாது. அதனால்தான் முன்சக்கர வண்டியானாலும் பின்சக்கர வண்டியானாலும், நல்ல ஜோடி பின்னால் போகட்டும் என்று டயர் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். எத்தனையோ "வால் ஆட்டிய" வண்டிகளின் பாவம் ஷாஃப்டில் இல்லை, டயர் கடையில் ஜாக் போட்ட இடத்தில் இருக்கிறது.

டயர் சரி, ஓட்டும் விதம்? அதிலும் பின்சக்கர வண்டி கேட்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. நிதானத்தைத்தான் கேட்கிறது. கொஞ்ச நாள் வெயில் அடித்துவிட்டு முதல் மழை பெய்யும்போது, முதல் கால் மணி நேரம்தான் மோசம். ரோட்டில் படிந்த ஆயிலும் புழுதியும் தண்ணீரோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். அப்போது பாலத்தின் இரும்பு ஜாயின்ட், வெள்ளை பெயின்ட் அடித்த கோடு, பள்ளம் மூடிய தகடு இவற்றின் மேல் ஆக்சிலேட்டரை அழுத்தாமல், பிரேக் பிடிக்காமல், அப்படியே உருண்டு போவது நல்லது. வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் ஒரே சீரான மிதி. ஸ்டியரிங் நேரான பிறகுதான் வேகம். டீசல் வண்டியென்றால் இது ரொம்ப முக்கியம். டர்போ பாதி வளைவில் உதைத்தால் அந்த உதை நேராகப் பின் டயரில்தான் விழும்.

மலைப் பாதையில் இன்னொன்று. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எல்லோரும் ஜாக்கிரதை. இறங்கும்போதுதான் கூத்து. மைலேஜுக்காக நியூட்ரலில் விடும் மகானுபாவர்களைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். பிரேக் சூடேறி, பிடிக்காமல் போகும்போது அவர்களே தெரிந்துகொள்வார்கள். நல்லவர்கள் செய்யும் தப்பு வேறு. வளைவுக்குப் பக்கத்தில் போன பிறகு திடீரென்று ரெண்டாவது கியரைப் போட்டு கிளட்ச்சைப் படக்கென்று விடுவது. பின்சக்கர வண்டியில் இன்ஜின் பிரேக் பிடிப்பது பின் டயரை மட்டும்தான். ஈர ரோட்டில் கிளட்ச்சைப் படக்கென்று விடுவதும் ஹேண்ட் பிரேக்கை இழுப்பதும் ஒன்று. சரிவு ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைத்து, கிளட்ச்சை மெதுவாக விட்டு, அதே கியரில் இறங்கினால் இந்தப் பிரச்சினையே வராது.

அப்படியும் பின்பக்கம் ஒதுங்கிவிட்டால்? பின்பக்கம் இடதுபுறம் போனால் ஸ்டியரிங்கும் இடதுபுறம், வலதுபுறம் போனால் வலதுபுறம். பார்வை மோதப்போகும் மரத்தின் மேல் இல்லாமல், போக வேண்டிய ரோட்டின் மேல் இருக்க வேண்டும். கை பார்வை போகும் இடத்துக்குத்தான் போகும். ஆக்சிலேட்டரிலிருந்து காலைப் பிடுங்காமல் மெல்ல எடுக்க வேண்டும். வண்டி பிடித்துக்கொண்ட அந்த நொடியிலேயே ஸ்டியரிங்கையும் நேராக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அது மறுபக்கம் இன்னும் வேகமாக வீசும். நிறையப் பேர் முதல் ஆட்டத்தில் தப்பித்து ரெண்டாவது ஆட்டத்தில் மாட்டுவது இப்படித்தான். ரீல்ஸில் ஈர மைதானத்தில் வண்டியைச் சுற்றவிட்டுக் கைத்தட்டு வாங்கும் வீரர்களுக்கு இது தெரியும் என்று நினைத்தால் தப்பு. அங்கே எதிரே லாரி வருவதில்லை. காலி மைதானத்தில் 30-ல் பழகுவது நல்ல விஷயம்தான், ஆனால் பைபாஸில் 90-ல் அது உதவும் என்று நம்பி ஓட்டுவது தற்கொலை.

பனிக்கு வருவோம். நம்மாட்கள் மணாலிக்கு டூர் போவது இப்போது சகஜம். 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறந்ததிலிருந்து குளிர்காலத்திலும் அந்தப் பக்கம் கூட்டம். 2024 டிசம்பர் கடைசியில் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவே பனியில் நூற்றுக்கணக்கான வண்டிகள் சிக்கி, போலீசார் இரவெல்லாம் மக்களை மீட்க வேண்டியிருந்தது. அந்த மாதிரி நாட்களில் முன்சக்கரச் சின்னக் காரும் சறுக்கும், போர் வீல் பெரிய வண்டியும் சறுக்கும். சமவெளியில் மாட்டிய டயரோடு போனால் எல்லாமே ஒரே ஜாதிதான்.

அங்கே வாடகைக்குச் சங்கிலி கிடைக்கும். அதை இழுக்கும் சக்கரத்தில் மாட்ட வேண்டும், அதாவது இன்னோவாவுக்கும் பொலேரோவுக்கும் பின்னால். பக்கத்து வண்டிக்காரர் முன்னால் மாட்டியதைப் பார்த்து அப்படியே மாட்டினால் முன் டயர் சங்கிலியோடு சும்மா உருளும், பின் டயர் வெறுமனே சுற்றும். கிளம்பும்போது ரெண்டாவது கியரில், கிளட்ச்சை மெதுவாக விட்டு, ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும்... சுற்றச் சுற்றப் பனி பாலிஷ் ஏறி இன்னும் மோசமாகும். பின்னால் மணல் மூட்டை போடும் பழக்கமும் உண்டு. காலியான பிக்கப்புக்கு அது கிளம்ப உதவும். ஆனால் நிறுத்தும் தூரத்தைக் குறைக்காது. அச்சுக்கு வெகு பின்னால் வைத்தால் வண்டி சுற்றும்போது அந்த எடையும் சேர்ந்து சுற்றும். கட்டாமல் போட்டால் பிரேக் பிடிக்கும்போது முதுகில் வந்து இடிக்கும். வைத்தால் பின் அச்சுக்கு மேலே, கயிறு போட்டுக் கட்டி. இல்லையேல் வேண்டாம்.

"அதெல்லாம் பழைய கதை, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்" என்று ஒரு கோஷ்டி. உண்மையில் பாதி. சக்கரம் சக்கரமாகப் பிரேக் பிடித்து வண்டி சுற்றுவதைத் தடுக்கும் இஎஸ்சி 1995-ல் மெர்சிடிஸில் வந்தது. 1997-ல் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று நடத்திய சோதனையில் மெர்சிடிஸின் ஏ கிளாஸ் கவிழ்ந்த பிறகு, அந்தச் சின்னக் காரிலும் அது கட்டாயமானது. கவிழ்ந்தது முன்சக்கர வண்டி என்பதை மாமாவிடம் சொல்ல வேண்டும்! இஎஸ்சி அருமையான விஷயம், வாங்குகிற வண்டியில் இருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும். ஆனால் அது டயரின் பிடிமானத்தைப் பங்கிட்டுக் கொடுக்குமே தவிர, இல்லாத பிடிமானத்தை உண்டாக்காது. நம் ரோட்டில் ஓடும் பழைய ஆம்னி, சுமோ, டவேராவில் அதுவும் இல்லை, பெரும்பாலானவற்றில் ஏபிஎஸ்கூட இல்லை. எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் ஆனதே 2019 ஏப்ரலில்தான்.

வேடிக்கை என்னவென்றால் பின்சக்கரம் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. 2024 நவம்பரில் மகிந்திரா அறிமுகப்படுத்திய ரெண்டு எலெக்ட்ரிக் கார்களிலும் மோட்டார் பின்னால்தான். வால்வோவே 2023-ல் தன் எலெக்ட்ரிக் எக்ஸ்சி40-ஐப் பின்சக்கரத்துக்கு மாற்றியது. இவற்றில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் பின் டயரைப் பிடித்து இழுக்கும். பழைய கிளட்ச் கதைதான், புது வேஷத்தில். மழை வழுக்கலில் அந்த இழுவையைக் குறைந்த அளவில் வைத்து ஓட்டுவது நல்லது.

இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருப்பது காசு. இருபது லட்ச ரூபாய் வண்டிக்கு நாலு டயர் சுமார் முப்பது, நாற்பதாயிரம். வண்டி விலையில் ரெண்டு சதவீதம். அந்த ரெண்டு சதவீதத்தை ஒத்திப்போடுவதைத்தான் பல டிராவல்ஸ் ஓனர்கள் லாபம் என்று எழுதிக்கொள்கிறார்கள். அது லாபம் இல்லை, இன்னொருவர் தலையில் எழுதிய கடன். வாடகை வண்டிக்கு முதல் எட்டு வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை எப்சி, அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை. எப்சி அன்றைக்கு மட்டும் நல்ல டயர் மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாளே கழற்றி வைக்கும் கெட்டிக்காரத்தனம் ஊரறிந்தது.

மாட்டுவது யார்? மாதச் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் அண்ணன். "ஓனர், பின்னாடி டயர் மொட்டையாயிடுச்சு" என்று அவர் மூன்று தடவை சொல்லியிருப்பார். "இந்த ட்ரிப் முடியட்டும்பா" என்று மூன்று தடவை பதில் வந்திருக்கும். வண்டி சுற்றிக் கவிழ்ந்தால் வழக்கு அவர் மேல். முன்பு இபிகோ 304ஏ, ரெண்டு வருஷம் வரை. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 106, ஐந்து வருஷம் வரை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு இருக்கிறதே, அது பழுதான வண்டியை ஓட்டியவரை மட்டுமல்ல, தெரிந்தே ஓட்டவிட்டவரையும் சேர்த்துத்தான் பேசுகிறது. ஆனால் மறுநாள் செய்தியில் வருவது "கட்டுப்பாட்டை இழந்து" என்ற ரெண்டே வார்த்தை. ஊர் சொல்வது "ரியர் வீல் டிரைவ்பா, அப்பவே சொன்னேன்."

கார்த்திகை பிறந்தால் வடகிழக்குப் பருவமழையும் சபரிமலை சீசனும் ஒன்றாக வரும். மாலை போட்ட பத்துப் பன்னிரண்டு சாமிகள் ஒரு வேன் பேசுவார்கள். கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு, டிவி இருக்கா, ஏசி போடுவாங்களா என்று ஒரு மணி நேரம் பேரம் நடக்கும். டயரைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். ராத்திரி கிளம்பும்போது சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, குருசாமி குனிந்து நாலு டயருக்கும் கீழே ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைப்பார். அவ்வளவு தூரம் குனிகிறவர் செல்போன் லைட்டை அடித்து, பின் டயர் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்க்க இன்னும் பத்து நொடி போதும். அந்தக் குட்டி மேடு விரலில் இடறாமல் பட்டனோடு சமமாக இருந்தால், பழத்தை எடுத்துக்கொண்டு ஓனருக்கு போன் போடலாம்.